எந்தத் தோட்டா நல்லது என்று கேட்ட மருமகனுக்கு

நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். வேதியியல் வகுப்பில் தூங்கியவர்கள் இந்த முறையாவது விழித்திருக்கவும்.

என் அக்கா மகனிடம் லைசென்ஸ் உள்ள .32 ரிவால்வர் ஒன்று இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவதும், தேர்தல் முடிந்ததும் திரும்ப வாங்க அலைவதும்தான் இதுவரை அது பார்த்த வேலை. இப்போது அவனுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. தோட்டத்தில் பழைய ஏலக்காய் ஸ்டோர் சும்மா கிடக்கிறது. கல் சுவர், இறுக்கமான கதவு, ஜன்னல் என்று பேருக்கு இரண்டு. அதற்குள் ஒரு சுடுதளம் அமைத்து, முறைப்படி அனுமதியும் வாங்கி, நண்பர்கள் பத்துப் பேர் ஞாயிறுதோறும் காகித இலக்கைச் சுட்டுப் பழகுவது என்று திட்டம். ஒன்பது வயது மகளையும் கூட்டிப் போகப் போகிறானாம். பெரிய வீராங்கனையாக வருவாளாம்.

"மாமா, நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார். உள்ளுக்குள்ள வச்சு சுட எந்தத் தோட்டா நல்லது? சாதா ஈயக் குண்டா, தட்டை மூக்கா, செம்பு போர்த்தினதா?" என்று கேட்டிருந்தான்.

"அந்த ஸ்டோருக்குள் எதுவுமே வேண்டாம்" என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அவ்வளவுதான், குடும்பக் குழுவில் தீபாவளி ஆகிவிட்டது. வாத்தியாருக்கு வெடிச் சத்தம் என்றாலே பயம் என்றார் ஒரு சித்தப்பா. ஊரில் எவன் எது ஆரம்பித்தாலும் மாமா முட்டுக்கட்டை போடுவார் என்றாள் ஒருத்தி. சரி, ஒரு வரி போதாது போலிருக்கிறது. விரிவாகவே எழுதுகிறேன். அனுமதி விஷயத்துக்குள் நான் போகவில்லை. சொந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருப்பது வேறு, சுடுதளம் நடத்த அனுமதி வாங்குவது வேறு என்பது அவனுக்கே தெரியும். சட்டம் சரியாக இருந்தாலும் என் பதில் மாறாது.

தோட்டாவைப் பற்றிப் பேசுகிற எல்லாருமே குழலுக்கு முன்னால் என்ன போகிறது என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு நேராகப் போகும், எவ்வளவு ஆழம் பாயும், காகிதத்தில் ஓட்டை எப்படி விழும். வெட்டவெளியில் அந்தக் கேள்வி போதும். நான்கு சுவருக்குள் போனால் கேள்வி திரும்பிவிடுகிறது. சுடுகிறவன் முகத்துக்கு என்ன வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒரு தோட்டா வெடிக்கும்போது நடப்பதைச் சொல்கிறேன். பித்தளைக் கூட்டின் அடியில் சின்ன மூடி மாதிரி இருப்பது பிரைமர். நம் பெரியவர்கள் நாட்டுத் துப்பாக்கிக்குப் போட்ட கேப்பின் பேரப்பிள்ளை. அதற்குள் இருக்கும் மருந்தில் முக்கியமானது லெட் ஸ்டிஃப்னேட் என்ற உப்பு. அதன் எடையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஈயம். சுத்தியல் தட்டியதும் அது வெடித்து உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கிறது. அந்த ஈயம் நீராவி மாதிரிக் கிளம்பி, குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூசியாகிவிடுகிறது. அடுத்து, கொதிக்கும் வாயு ஈயக் குண்டின் அடிப்பாகத்தை நக்கிக்கொண்டே போகிறது. குழலின் வரிப்பள்ளங்களும் குண்டை உரசுகின்றன. அங்கேயும் கொஞ்சம் ஈயம். கடைசியாகக் குண்டு இரும்புத் தகட்டில் மோதிச் சிதறுகிறது. அங்கேயும்.

ரிவால்வருக்கு இன்னொரு குணம் உண்டு. ஆறு தோட்டா உட்காரும் உருளை தனி, குழல் தனி. நடுவில் மயிரிழை இடைவெளி விட்டால்தான் உருளை சுழலும். ஒவ்வொரு வெடிக்கும் அந்த இடுக்கு வழியாக வாயுவும் ஈயத் துணுக்கும் பக்கவாட்டில் பீறிட்டு வரும். சுடுகிறவன் மூக்குக்கும் அதற்கும் இடையே ஒரு கை நீளம்தான் தூரம்.

இந்த இடத்தில்தான் நம் அத்தை ஒருவர் ஈயச் சொம்பைக் கொண்டுவந்து வைத்தார். "காலங்காலமா ஈயச் சொம்புல ரசம் வச்சுச் சாப்பிட்டோம், யாருக்கு என்ன ஆச்சு?" அத்தை, நல்ல கேள்வி. இதைப் பத்தாம் வகுப்பில் வருடம் தவறாமல் சொல்லியிருக்கிறேன். ரசச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் பூச்சும் வெள்ளீயம். தோட்டாவில் இருப்பது காரீயம். தமிழில் இரண்டுக்கும் ஒரே பின்பெயர் இருப்பதால் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று நினைக்கிறோம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள், குறியீடே வேறு. சொம்பு வாங்கும்போது அதில் காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வதும் இதனால்தான்.

காரீயம் உடம்புக்குள் போனால் உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ரத்தத்தில் இருப்பது சில மாதங்களில் குறையும். எலும்பில் உட்கார்ந்தது பல பத்தாண்டுகள் அசையாது. பிறகு ஒரு பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து இறங்கி, ரத்தம் வழியாகப் பிள்ளைக்கும் போகும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, ரத்தசோகை, காரணம் தெரியாத வயிற்றுவலி. குழந்தைகளுக்கு மூளை. படிப்பில் கவனம் சிதறும், அறிவு வளர்ச்சி குறையும், போனது திரும்பாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. இதனால்தான் நம் நாட்டில் 2000இல் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினார்கள். கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. வீட்டுப் பெயின்டிலும் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று இங்கே சட்டம் வந்துவிட்டது. பெட்ரோலிலிருந்தும் சுவரிலிருந்தும் அரசாங்கம் பாடுபட்டு வெளியேற்றியதைக் காசு கொடுத்து ஸ்டோருக்குள் கொண்டுவர வேண்டுமா?

இப்போது கணக்கு. பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஸ்டோரை நானே அளந்திருக்கிறேன். நீளம் 15 மீட்டர், அகலம் 5, உயரம் சராசரி 4. மொத்தம் 300 கன மீட்டர் காற்று. வேலையிடத்துக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழிலாளர் விதி. அதுவும் வளர்ந்த ஆட்களுக்கு. 300 ஐ 50 ஆல் பெருக்கினால் 15,000 மைக்ரோகிராம், அதாவது 15 மில்லிகிராம். .32 ரிவால்வரின் வழக்கமான ஈயக் குண்டு 98 கிரெய்ன், நம் கணக்கில் 6.35 கிராம், அதாவது 6,350 மில்லிகிராம். ஒரே ஒரு குண்டில் நானூறில் ஒரு பங்கு தூசியாகிக் காற்றில் மிதந்தாலே அந்த ஸ்டோரின் காற்று முழுக்க அந்த அளவைத் தொட்டுவிடும். குண்டை விடுங்கள். சில தோட்டாக்களின் பிரைமரில் இருக்கும் ஈயமே அதற்குப் போதும். அவர்கள் சுடப்போவது சில தோட்டா இல்லை. பத்துப் பேர், ஆளுக்கு 50, வருடத்தில் 50 ஞாயிறு. 25,000 குண்டு. சுமார் 159 கிலோ காரீயம். மூன்று மூட்டைக் காபிக்கொட்டை எடை. பெரும்பகுதி கட்டியாகத் தகட்டடியில் கிடக்கும் என்பது உண்மை. பொடியாகிற சிறுபகுதிதான் என் கவலை.

"தாத்தா காலம் பூரா ஈய ரவையும் குண்டும் போட்டுத்தானே காட்டுப்பன்னி விரட்டினார், தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாரே" என்று எழுதியிருந்தான் ஒரு பழைய மாணவன். தாத்தா எங்கே சுட்டார்? மலைச்சரிவில், காற்றில். வருடத்துக்கு எத்தனை முறை சுட்டார்? மருந்து விலையை நினைத்தே விரலை எடுத்துவிடுவார். அவர் ஆயுளில் சுட்டதை இவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் சுட்டுவிடுவார்கள்.

இனி அவன் கேட்ட மூன்று தோட்டாவுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லாவிட்டால் தப்பிக்கிறேன் என்பான்.

சாதா ஈயக் குண்டு, உருண்டை மூக்கு. லைசென்ஸ்காரர்கள் அதிகம் வாங்குவது இதுதான். 9 மி.மீ. போன்ற அளவுகளைச் சாதாரண ஆள் வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் .32 இங்கே இவ்வளவு பரவியது. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையும் அந்த அளவில் ரிவால்வர் செய்கிறது. 2014இல் பெண்களுக்கென்று சொல்லி 'நிர்பீக்' என்று இறக்கியதும் .32தான். இந்தக் குண்டில் மேலே போர்வை கிடையாது. நிர்வாண ஈயம். காகிதத்திலும் ஓட்டை கிழிசலாக விழும், புள்ளி எண்ணும்போது சண்டை வரும். மூடிய இடத்தில் மூன்றில் மோசமானது இதுதான்.

தட்டை மூக்கு. ஆங்கிலத்தில் வாட்கட்டர். இதைப் பற்றி மரியாதையாகத்தான் பேச வேண்டும். குண்டின் முன்பக்கம் அறுத்த மாதிரித் தட்டையாக இருப்பதால், அலுவலகத்தில் காகிதத்தில் துளை போடும் பஞ்ச் போல வட்டமாக, சுத்தமாக வெட்டும். மருந்தும் குறைவு, உதைப்பும் குறைவு. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் உலகமெங்கும் பல வீரர்களின் விருப்பம் இந்த .32 தட்டை மூக்குதான். நூறாண்டு தாண்டிய பழைய ரிவால்வர் தோட்டாவுக்கென்றே நவீன பிஸ்டல்களைச் செய்கிறார்கள். நம் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமாவிலும் 2006 தோஹாவிலும் ஆசியத் தங்கம் வாங்கியது அந்த சென்டர் ஃபயர் பிரிவில்தான். ஆக, காகிதத்துக்கு எது நல்லது என்று மட்டும் கேட்டால் என் பதில் இதுவே. ஆனால் இதுவும் மெத்தென்ற வெற்று ஈயம், மேலே மசகு வேறு. மசகு புகையும். தாளுக்கு நல்லது நுரையீரலுக்கும் நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

செம்பு போர்த்தியது. இதைக் கேட்டதும் ஈயப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வழக்கமான போர்வைக் குண்டில் பக்கமும் மூக்கும் மூடியிருக்கும், அடி திறந்திருக்கும். கொதிக்கும் வாயு நக்குவதே அந்த அடியைத்தான். முழுக்க மூடிய குண்டும் உலகில் கிடைக்கிறது, ஈயமே இல்லாத பிரைமரும் இருக்கிறது. ஜெர்மானியர்கள் அதை 1980களிலேயே செய்துவிட்டார்கள். இரண்டும் சேர்ந்த தோட்டா .32இல் கிடைக்குமா என்று நம் பக்கத்துத் துப்பாக்கிக் கடையில் கேட்டுப் பார், மாப்ளே. கடைக்காரர் முகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. இன்னொன்று, போர்வைக் குண்டு கடினமானது. சாய்த்து அமைக்காத இரும்புத் தகட்டில் பட்டால் துண்டு திரும்பி வரும். கல் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நண்பர் ஒருவர் மூக்கில் குழி வைத்த குண்டைச் சிபாரிசு செய்தாராம். உடம்புக்குள் போய் விரிவதற்கென்று செய்ததைக் காகிதத்தின் மேல் சுடச் சொல்கிறவர் சினிமா குறைவாகப் பார்ப்பது நல்லது.

"அப்ப ஃபேன் போட்டுட்டா?" அடுத்த கேள்வி. ஃபேன் போடலாம். எந்த ஃபேன், எங்கே என்பதுதான் விஷயம். சுடுகிறவன் முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று சீராக வந்து, அவனைத் தாண்டி, புகையை இலக்குப் பக்கம் தள்ளி, அங்கிருந்து வடிகட்டி வழியாக வெளியேற வேண்டும். சுடும் கோட்டில் நிமிடத்துக்கு 75 அடி வேகம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அவன் ஸ்டோரில் அந்த வேகம் என்றால் ஒரு மணி நேரத்தில் ஸ்டோர் காற்று முழுவதும் தொண்ணூறு தடவை மாற வேண்டும். தாண்டிக்குடியில் மார்கழி ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பனி ஜன்னலில் வந்து நிற்கும்போது, மணிக்குத் தொண்ணூறு தடவை குளிர்காற்றை உள்ளே விட்டு நிற்பார்களா நம் ஆட்கள்? குல்லாவும் மப்ளருமாக வந்து முதல் வேலையாகக் கதவைச் சாத்துவார்கள். எனக்குத் தெரியாதா? நாற்பது வருடம் வகுப்பில் ஜன்னலைத் திறக்கச் சொல்லித் தோற்றவன் நான். கூரையில் மாட்டும் சாதாரண ஃபேனோ இன்னும் மோசம், தூசியைச் சுழற்றிச் சுழற்றி எல்லாருக்கும் பங்கு வைக்கும்.

நான் இவ்வளவு கோபமாக எழுதுவதற்கு வேறு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் வெளியூரில் ஒரு மூடிய சுடுதளத்துக்கு ஒரு நண்பரோடு போயிருந்தேன். பெயர் வேண்டாம். சுடுகிறவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். எல்லாரும் முடித்து டீ குடிக்க வெளியே வந்ததும் ஒரு அம்மா உள்ளே போனார். கையில் தென்னந்துடைப்பம். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு தரையைக் கூட்டினார். வாசல் வெளிச்சத்தில் தூசி எழும்பியது சாம்பல் நிறமாகத் தெரிந்தது. வாசலில் அவர் பேத்தி போல ஒரு சின்னப் பிள்ளை, காலிப் பித்தளைக் கூட்டை விசிலாக வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டின் உள்பக்கம் முழுக்கப் பிரைமர் கரி. பிடுங்கிக்கொண்டு கை வாய் கழுவச் சொன்னேன், பிள்ளை அழுதது. நண்பர் என்னைப் பார்த்த பார்வையில் 'இவரை ஏன் கூட்டி வந்தோம்' என்று எழுதியிருந்தது. ஈயத் தூசி உள்ள தரையைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும், அல்லது மிக நுண்ணிய வடிகட்டி உள்ள வாக்குவம். இது அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்ளே, உன் ஸ்டோரை யார் கூட்டப் போகிறார்கள்? நீயா? பெயரைச் சொல்லட்டுமா வேண்டாமா? உங்கள் வீட்டில் இருபது வருடமாகக் காபிப்பழம் பறிக்கிற அதே அம்மாதானே? அவர் சேலையோடு வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்குவாரே. ஸ்டோரின் மறுபாதியில் நீ காபியும் மிளகும் மூட்டை போட்டு வைப்பதை நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

நம் மலைக்கு உலோகத் தூசி புதுசும் இல்லை. கொடைக்கானலில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலையை மறந்துவிட்டீர்களா? இந்துஸ்தான் லீவர் நடத்தியது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே வந்து, 2001இல் மூடினார்கள். தொழிலாளர்களின் உடல்நலத்துக்குத் தொழிற்சாலையால் கேடு இல்லை என்று நிறுவனம் வாதிட்டுக்கொண்டே இருந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு கையெழுத்தானது 2016இல். பதினைந்து வருடம். அது பெரிய கம்பெனி, எதிர்த்துக் கோஷம் போட ஒரு கதவாவது இருந்தது. உன் ஸ்டோரில் வேலை பார்த்தவருக்கு வயிற்றுவலி வந்தால் யார் கதவைத் தட்டுவார்? டாக்டரும் அல்சர் மாத்திரை எழுதுவார். 'வேலை செய்யும் இடத்தில் யாராவது துப்பாக்கி சுடுகிறார்களா' என்று எந்த டாக்டர் கேட்கப் போகிறார்?

பிள்ளையை வீராங்கனை ஆக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினார். தனியாக ஒன்று, சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து ஒன்று. இரண்டும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? மேலே சொன்ன அதே சென்டர் ஃபயர் ஜஸ்பால் ராணா. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் வாங்கியதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். காற்றழுத்தத்தில் போவது, வெடிமருந்து கிடையாது, பிரைமர் கிடையாது, புகை கிடையாது. அரை கிராம் அளவுள்ள 4.5 மி.மீ. ரவை. அதுவும் பெரும்பாலும் ஈயம்தான் என்பதை மறைக்க மாட்டேன். வாயில் போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கும் பழக்கம் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சிக்கும் பெட்டியைத் தட்டிக் கொட்டாமல் நனைத்துத் துடைக்க வேண்டும். இவ்வளவுதான். பத்து மீட்டர் தூரத்துக்கு அந்த ஸ்டோர் தாராளம். விதியில் சொன்ன திறனுக்கு உட்பட்ட .177 அளவு என்றால் ஆயுத லைசென்ஸும் தேவைப்படாது.

"அதுல ஒரு கெத்து இல்ல மாமா" என்றான் போனில். கெத்துக்காகத்தான் இத்தனை பாடு என்றால் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், நானும் கணக்குப் போட்டு மண்டையை உடைத்திருக்க மாட்டேன். ரிவால்வரால் சுட்டே தீர வேண்டும் என்றால் முறையான திறந்தவெளித் தளத்துக்குப் போ. தட்டை மூக்கை வாங்கு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில். சுட்ட கையோடு வடை தின்னாதே. சட்டையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கு. வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈயம் பார்த்துக்கொள்.

அக்கா, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். பொதுவில் எழுதி மானத்தை வாங்கிவிட்டான் என்று கோபிக்காதே. அவன் குழுவில் கேட்டான், நான் குழுவில் பதில் சொல்கிறேன். பேத்திக்கு ஏர் பிஸ்டல் வாங்குகிற செலவில் பாதி என்னுடையது. வருகிற சனிக்கிழமை டேப்பும் சுண்ணாம்புக்கட்டியும் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வருகிறேன், பத்து மீட்டர் கோடு போட. மூட்டைகளை அதற்குள் வேறு இடத்துக்கு மாற்றி வைக்கச் சொல். இரண்டு ஜன்னலையும் திறந்து வைக்கச் சொல்.